விடியற்காலை இட்லியும் நடுப்பகல் வெயிலும்: சோலார் டிஷ்ஷா, பேனலா?

செம்பூரில் எங்கள் அறக்கட்டளையின் சமையல்கூடம் தினமும் சுமார் 400 பேருக்குச் சமைக்கிறது. சிகிச்சைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து மும்பையில் தங்கும் குடும்பங்கள், வேலை தேடி வந்த இளைஞர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் அக்கம்பக்கத்து முதியவர்கள் என்று பந்தியில் உட்காருபவர்கள் பலவகை. மூன்று மாடிக் கட்டடம். மேலே 2,500 சதுர அடி மொட்டை மாடி. அங்கே விழும் வெயிலை என்ன செய்யலாம் என்று ஆறு மாதமாக நிர்வாகக் குழுவில் பேச்சு நடந்தது. மூன்று யோசனைகள் வந்தன: சோலார் டிஷ் எனும் குழிந்த கண்ணாடித் தட்டில் வெயிலைக் குவித்து அங்கேயே மின்சாரம் எடுப்பது, அதே தட்டில் நீராவி எடுத்துச் சமைப்பது, எல்லோரும் போடுகிற சோலார் பேனலைப் போடுவது. ஆராய்ந்து சொல்லும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். விடுதி, மெஸ், கோயில் மடைப்பள்ளி நடத்தும் பலரும் இதே கேள்வியோடு இருப்பதால் நான் கண்டதை விரிவாக எழுதுகிறேன்.

தொடக்கத்தில் என் மனம் முழுக்க டிஷ் பக்கம்தான் சாய்ந்திருந்தது. அதற்குக் காரணம் என் வீட்டு மாடியில் இருக்கிறது. 1.4 மீட்டர் விட்டமுள்ள சமையல் டிஷ் ஒன்றைச் சில ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். அதன் விளிம்பில் ஒரு சிறு ஆணி நிற்கிறது. ஆணியின் நிழல் அதன் காலடியிலேயே ஒடுங்கும்வரை தட்டைத் திருப்ப வேண்டும். நிழல் மறைந்த அந்தக் கணத்தில், பாத்திரம் வைக்கும் வளையத்தில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு வெளிச்சம் வந்து குவியும். வெறுங்கண்ணால் பார்க்கவே கூடாது. காய்ந்த வேப்பங்குச்சியை அங்கே நீட்டினால் சில நொடிகளில் புகைந்து, நுனி கறுத்து, பொறி பறக்கும். எரிவாயு இல்லை, விறகு இல்லை, சத்தமும் இல்லை. முதல் முறை அதைப் பார்த்த அன்று நான் மாடியை விட்டு இறங்கவே இல்லை.

அந்தத் தட்டே இதன் சிரமத்தையும் கற்றுக்கொடுத்தது. பால் வைத்துவிட்டுக் கீழே போய், அரைமணி கழித்துத் திரும்பினால் பால் வெதுவெதுப்பாகவே இருக்கும். குவியம் பாத்திரத்தை விட்டு நகர்ந்து வெற்றுக் கம்பியைச் சுட்டுக்கொண்டிருக்கும். வானத்தில் சூரிய வட்டத்தின் அகலம் அரைப் பாகைதான். பூமி சுழலும் வேகத்தில் சூரியன் இரண்டே நிமிடத்தில் தன் அகலம் அளவுக்கு நகர்ந்துவிடுகிறது. சமையல் டிஷ்ஷின் குவியம் அகலமானது என்பதால் பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பினால் போதும். மின்சாரம் எடுக்கும் டிஷ்ஷில் ஒளியை ஆயிரம் மடங்குக்கும் மேல் செறிவாக்குவதால் அதன் குவியம் மிகச் சிறியது. கிழமேலாகவும் மேல்கீழாகவும் இரு அச்சுகளில், மோட்டார் வைத்து, நாள் முழுவதும் விடாமல் சூரியனைப் பின்தொடர வேண்டும். இந்த ஒரு தேவையிலிருந்துதான் டிஷ்ஷின் செலவு, எடை, பராமரிப்பு எல்லாம் கிளைக்கின்றன.

மின்சாரம் எடுக்கும் டிஷ் எப்படி வேலை செய்கிறது? குவியத்தில் ஒரு ஸ்டர்லிங் எஞ்சினைத் தொங்கவிடுகிறார்கள். ஸ்காட்லாந்துப் பாதிரியார் ராபர்ட் ஸ்டர்லிங் 1816-ல் காப்புரிமை பெற்ற எஞ்சின் இது. உள்ளே ஹைட்ரஜனோ ஹீலியமோ அடைத்து மூடியிருக்கும். ஒரு பக்கம் வெயிலின் சூட்டில் வாயு விரிகிறது, மறுபக்கம் குளிர்ந்து சுருங்குகிறது. அந்த விரிவும் சுருக்கமும் பிஸ்டனைத் தள்ள, ஜெனரேட்டர் சுழல்கிறது. கொதிகலனும் வேண்டாம், டர்பைனும் வேண்டாம். வெயிலை மின்சாரமாக்கும் வழிகளில் இது அழகானது என்று இன்றும் சொல்வேன். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் சாண்டியா ஆய்வகத்தில் 2008-ல் இப்படிப்பட்ட ஒரு டிஷ், விழுந்த சூரிய ஆற்றலில் 31.25 விழுக்காட்டை மின்கம்பிக்குக் கொடுத்தது. அந்நாளில் சந்தையில் கிடைத்த பெரும்பாலான பேனல்கள் அதில் பாதியைக் கொடுத்தாலே பெரிது. எங்களிடம் டிஷ்ஷுக்காகப் பேச வந்த இளைஞர் முதல் பக்கத்திலேயே அந்த எண்ணைத்தான் காட்டினார்.

அடுத்து நடந்ததை அவர் சொல்லவில்லை. அதே வடிவமைப்பில், ஒவ்வொன்றும் 25 கிலோவாட் திறனுள்ள 60 டிஷ்களை வைத்து 1.5 மெகாவாட் நிலையம் ஒன்றை அரிசோனாவில் 2010 தொடக்கத்தில் திறந்தார்கள். அதை உருவாக்கிய ஸ்டர்லிங் எனர்ஜி சிஸ்டம்ஸ் நிறுவனம் 2011 செப்டம்பரில் திவால் மனு கொடுத்தது. எஞ்சின் தோற்றுப்போனதாக நான் நினைக்கவில்லை. அந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் பேனலின் விலை சரிந்த வேகத்துக்கு எந்தச் சுழலும் இயந்திரத்தாலும் ஈடுகொடுக்க முடியவில்லை. பேனலில் அசையும் உறுப்பு ஒன்றுகூடக் கிடையாது. டிஷ்ஷில் மோட்டார், பல்சக்கரம், பிஸ்டன், வாயு கசியாமல் காக்கும் சீல், குளிர்விக்கும் ரேடியேட்டர் என்று ஒவ்வொன்றும் ஒருநாள் பழுதாகும். அன்றைக்கு அதைத் திறந்து சரிசெய்யும் மெக்கானிக் செம்பூரிலோ குர்லாவிலோ கிடைப்பாரா? நான் விசாரித்த வரையில் கிடைக்கவில்லை. பேனலுக்கு வேலை தெரிந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். வாங்கும்போது திறன் விழுக்காட்டைப் பார்க்கிறோம். பத்தாவது ஆண்டில் பழுதுபார்ப்பவரின் தொலைபேசி எண்ணைத்தான் தேடுவோம்.

இந்தியாவிலும் கண்ணாடி வழி மின்சாரத்துக்குப் பெரிய கனவு இருந்தது. 2010-ல் தொடங்கிய தேசிய சூரிய ஆற்றல் இயக்கத்தின் முதல் கட்டத்தில் சூரிய வெப்ப மின்நிலையங்களுக்குத் தாராளமாக இடம் ஒதுக்கினார்கள். 470 மெகாவாட்டுக்கு ஏழு திட்டங்களுக்கு அனுமதி கிடைத்தது. ஓடத் தொடங்கியவை சிலவே. ராஜஸ்தானின் நோக்கில் கோதாவரி கிரீன் எனர்ஜியின் 50 மெகாவாட் நிலையம் 2013-ல் வந்தது. அவை டிஷ் அல்ல, கண்ணாடிகளை நீள வரிசையாக வைத்தவை. ஆனாலும் அவற்றின் அனுபவம் நமக்கு உதவும். பல இடங்களில் நேரடிக் கதிர்வீச்சைத் தரையில் அளந்து பார்த்தபோது முன்பு கணித்ததைவிடக் குறைவாக இருந்தது. கண்ணாடியால் நேராக வரும் கதிரை மட்டுமே குவிக்க முடியும். மெல்லிய மேகம், தூசு, புகை வழியாகச் சிதறி வரும் வெளிச்சம் கண்ணுக்குப் பிரகாசமாகத் தெரிந்தாலும் குவியத்துக்கு வந்து சேராது. பேனலுக்கு அந்தச் சிதறிய வெளிச்சமும் உணவுதான்.

டிஷ்ஷை வைத்து மின்சாரம் எடுத்துக் காட்டிய இடம் ஒன்று நம் நாட்டில் இருக்கிறது. ராஜஸ்தானின் அபு ரோடு அருகே பிரம்ம குமாரிகள் அமைப்பைச் சார்ந்த 'இந்தியா ஒன்' நிலையம். ஒவ்வொன்றும் 60 சதுர மீட்டர் அளவுள்ள 770 டிஷ்கள். ஒவ்வொரு டிஷ்ஷின் குவியத்திலும் ஒரு வார்ப்பிரும்புக் கட்டி. பகலெல்லாம் இரும்பு சூடேறி வெப்பத்தைச் சேர்த்து வைக்கும். இரவில் அந்தச் சூட்டில் நீராவி எடுத்து டர்பைனை ஓட்டுவார்கள். 16 மணிநேரத்துக்கான சேமிப்பு. 1 மெகாவாட்டுக்கு 46,200 சதுர மீட்டர் கண்ணாடியா என்று மலைக்கத் தோன்றும். அதை 1 மெகாவாட் பேனலோடு ஒப்பிடுவது நியாயமாகாது. பேனல் இரவில் உறங்கிவிடும், இது இரவிலும் ஓட முடியும். ஆனால் அபு ரோட்டின் வறண்ட வானமும் பரந்த நிலமும் நம்மிடம் கிடையாது. அது ஊர் அளவுக்கான ஏற்பாடு. ஒரு மொட்டை மாடிக்காக அதைச் சுருக்க முயன்றால் டர்பைனின் திறன் அடிமட்டத்துக்குப் போய்விடும். எனவே மின்சாரத்துக்கு டிஷ் என்ற யோசனையை நானே முதல் மாதத்தில் விலக்கிவிட்டேன்.

உண்மையான போட்டி அடுத்ததில்தான் தொடங்கியது. நமக்குச் சமையலுக்கு வேண்டியது சூடு. வெயிலும் சூடு. இடையில் எதற்கு மின்சாரம்? வெயிலை மின்சாரமாக்கி, அதை அடுப்பில் மீண்டும் வெப்பமாக்குவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதாகும் என்று குழுவில் நான்தான் உரக்க வாதாடினேன். அந்த வாதத்துக்குப் பின்பலமும் உண்டு. மகாராஷ்டிரத்திலேயே, ஷீரடி சாயிபாபா சன்ஸ்தானில் 2009 முதல் 16 சதுர மீட்டர் அளவுள்ள 73 ஷெஃப்லர் டிஷ்களில் நீராவி எடுத்துப் பிரசாதச் சமையல் செய்ய ஏற்பாடு செய்தார்கள். திருமலையில் 2002-லேயே 106 டிஷ்கள் வைத்தார்கள். லாத்தூரில் மகானந்தா பால் பண்ணையில் 2006-ல், மும்பை நிறுவனமான 'கிளிக்', மும்பை ஐ.ஐ.டி.யோடு சேர்ந்து உருவாக்கிய 'அருண்' டிஷ், 169 சதுர மீட்டர் அளவில், பாலைப் பதப்படுத்த நிறுவப்பட்டது. ஆரோவில்லின் சோலார் கிச்சனில் 15 மீட்டர் அகலக் கிண்ணம் மாடியிலேயே அசையாமல் பதிந்திருக்கிறது. சூரியனைத் தேடி நகர்வது அதன் மேலுள்ள கொதிகுழாய்தான். கண்ணாடியை நிறுத்தி வைத்துக் குழாயை நகர்த்தும் அந்த யோசனை எனக்கு எப்போதும் வியப்பு.

வூல்ஃப்காங் ஷெஃப்லர் வடிவமைத்த டிஷ் எளிமையானது. இதில் குவியம் ஒரே இடத்தில் நிற்கும், தட்டு மட்டும் கடிகாரம்போல் மெல்லச் சுழலும். அதனால் கொதிகலனை ஓரிடத்தில் நிலையாக வைத்துவிடலாம். நிற்கும் தட்டு ஒன்று, படுத்த தட்டு ஒன்று என்று ஜோடியாக வைத்து, இரண்டின் ஒளியையும் ஒரே கலத்தின் இரு முகங்களில் விழச் செய்கிறார்கள். பருவத்துக்கேற்பச் சூரியன் வடக்கும் தெற்கும் நகர்வதால் தட்டின் வளைவைச் சில நாட்களுக்கு ஒருமுறை கையால் சரிசெய்ய வேண்டும். நம்மூர் வெல்டிங் பட்டறையில் செய்யக்கூடியது என்பது இதன் பெரிய பலம்.

கணக்குப் போட்டேன். 16 சதுர மீட்டர் ஷெஃப்லர் தட்டு சூரியனைச் சாய்வாக நோக்குவதால் உண்மையில் பிடிக்கும் பரப்பு 11 சதுர மீட்டர் அளவுதான். நல்ல வெயிலில், இழப்பெல்லாம் போக, சுமார் 4 கிலோவாட் வெப்பம் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டேன். ஆறு மணிநேரத்துக்கு 24 யூனிட்டுக்குச் சமமான சூடு. எரிவாயு அடுப்பில் பாதிச் சூடு பாத்திரத்துக்கு வெளியே போவதைச் சேர்த்துப் பார்த்தால் இது மூன்றரைக் கிலோ சமையல் வாயுவுக்கு ஈடு. ஐந்தாறு வெயில் நாட்களில் ஒரு தட்டு 19 கிலோ சிலிண்டர் ஒன்றை மிச்சப்படுத்தும். அதே 16 சதுர மீட்டரில் பேனல் பதித்தால் 3 கிலோவாட் பொருத்தலாம். நாளுக்குச் சுமார் 12 யூனிட். ஆக, தெளிந்த நாளில் டிஷ் இரண்டு மடங்கு. இந்தத் தாளை எடுத்துக்கொண்டு வெற்றிக் களிப்போடு சமையல்கூடத்துக்குப் போனேன்.

எங்கள் தலைமைச் சமையற்காரர் திருநெல்வேலிக்காரர். முப்பது ஆண்டுகளாக மும்பையில் அண்டா கிளறுகிறவர். தாளை முழுக்கக் கேட்டார். பிறகு, "சார், காலையில் 1,200 இட்லிக்கு நாலு மணிக்கு எனக்கு ஆவி வேண்டும். உங்கள் சூரியன் எத்தனை மணிக்கு வருவார்?" என்றார்.

அந்தக் கேள்வியோடு அவருடன் ஒருநாள் முழுவதும் உட்கார்ந்தேன். நாலு மணிக்கு இட்லிக் கொப்பரை. ஐந்துக்குச் சாம்பார், சட்னித் தாளிப்பு. ஏழரைக்குப் பந்தி. அதன்பின் அடுப்பு ஓய்ந்திருக்கும். பத்து மணிக்கு மதியச் சோற்றுக்கு உலை வைப்பார்கள். பன்னிரண்டரைக்குள் எல்லாம் இறங்கிவிடும். மதியம் இரண்டிலிருந்து நாலுவரை கிரைண்டர்களில் மறுநாளைக்கு மாவு அரைபடும். மாலை ஆறுக்கு மேல் மீண்டும் அடுப்பு, இரவு உணவுக்கு. டிஷ் நாள் முழுவதும் கொடுக்கும் சூட்டில் எங்களுக்குப் பயன்படக்கூடியது பத்து மணிமுதல் பன்னிரண்டரைவரை மட்டும். மிச்சத்தைச் சேமிக்க வேண்டும் என்றால் அழுத்தத்தில் சுடுநீர் வைக்கும் காப்பிட்ட பெரிய தொட்டி வேண்டும். அதன் எடை, இடம், பாதுகாப்புச் சான்று எல்லாம் தனிக் கதை. மூன்றரைக் கிலோ என்று நான் போட்ட கணக்கு ஒன்றரைக் கிலோவாகச் சுருங்கிவிட்டது.

ஷீரடியிலும் திருமலையிலும் ஏன் இது பொருந்தியது என்பதும் அன்றுதான் எனக்கு உறைத்தது. அங்கே பந்தி பகலெல்லாம் ஓயாமல் நடக்கிறது. அண்டா காலியாவதே இல்லை. நீராவி பிறந்த உடனே செலவாகிவிடும்.

அடுத்தது மும்பையின் வானம். ஜூன் பத்து பதினொன்றுக்கு மழை இறங்கினால் செப்டம்பர் முடியும்வரை, பல ஆண்டுகளில் அக்டோபர் வரையும் போகாது. அந்த நாலு மாதத்தில் டிஷ் அநேகமாக வேலையே செய்யாது. சிலிண்டர் செலவு முழுதாகத் திரும்பும். பேனலின் உற்பத்தியும் மழைக்காலத்தில் பாதி அளவுக்கு இறங்கும், ஆனால் நிற்காது. கடற்காற்றையும் மறக்கக் கூடாது. என் மாடி டிஷ்ஷில் ஒரு கடையில் நல்ல தரம் என்று சொல்லிக் கொடுத்த பளபளப்புத் தகடுகளைப் பதித்தேன். இரண்டு மழைக்காலம் கடந்ததும் ஓரங்களில் வெண்புள்ளி பூத்தது. மூன்றாம் ஆண்டில் முகம் பார்த்தால் உருவம் கலங்கித் தெரிந்தது. பேனல் மீது தூசு படிந்தால் விளைச்சல் சற்றுக் குறையும், அவ்வளவுதான். கண்ணாடியில் ஒரு மெல்லிய படலம் இருந்தாலே ஒளி சிதறிக் குவியத்தைத் தவறவிடும். தினமும் துடைக்க ஆளும் தண்ணீரும் வேண்டும்.

காற்றின் வேகம் இன்னொன்று. 2021 மே 17 அன்று டவ்தே புயல் மும்பையை ஒட்டிக் கடந்தபோது மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசியது. அந்த நாளில் மூன்றாம் மாடி மேல் பாய்போல் விரிந்த நாலு தட்டுகள் இருந்திருந்தால்? அவற்றைத் தாங்க அடித்தளம் போடப் பழைய கான்கிரீட் கூரையைத் துளைக்க வேண்டும். நீர்க்கசிவுக்கு எதிராக இந்த நகரத்தின் ஒவ்வொரு கட்டடமும் போராடிக்கொண்டிருக்கும்போது அந்தத் துளைகளுக்கு நான் கையெழுத்திட மாட்டேன். கேட்பாரற்று நிற்கும் டிஷ்ஷின் குவியம் எதிர்வீட்டுத் திரைச்சீலையில் விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் வேப்பங்குச்சி எனக்குக் காட்டியிருக்கிறது. பயன்படுத்தாத நேரத்தில் தட்டைத் துணி போட்டு மூடியே ஆக வேண்டும்.

இனிப் பேனல். தண்ணீர்த் தொட்டியும் படிக்கட்டு அறையும் அவற்றின் நிழலும் போக எங்கள் மாடியில் சுமார் 150 சதுர மீட்டர் மிஞ்சுகிறது. இடைவெளி, நடைபாதை எல்லாம் சேர்த்து ஒரு கிலோவாட்டுக்குப் 10 சதுர மீட்டர் என்ற பொதுக் கணக்கில் 15 கிலோவாட். நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட் வீதம் 60 யூனிட். கிரைண்டர், குளிர்பதனப் பெட்டி, மின்விசிறி, தண்ணீர் மோட்டார் எல்லாம் சேர்த்து எங்கள் செலவு 70 யூனிட்டை ஒட்டி வருகிறது. கிரைண்டர் ஓடும் நேரமும் பேனல் விளையும் நேரமும் ஒன்றே என்பது எங்களுக்கு வாய்த்த நல்வாய்ப்பு.

நாலு மணி இட்லிக்கும் பேனலில் ஒரு வழி இருக்கிறது. நெட் மீட்டரிங் இருந்தால் பகலில் மிஞ்சும் யூனிட்டை மின்வாரியக் கம்பிக்குக் கொடுத்துவிட்டு, வேண்டும்போது திரும்ப வாங்கலாம். 1,200 இட்லியை மின் ஆவிக்கலத்தில் வேகவைக்க 10 முதல் 12 யூனிட் போதும் என்பது என் கணக்கு. தலையைச் சுற்றித்தான் மூக்கைத் தொடுகிறோம்; ஆனால் டிஷ்ஷால் தொடவே முடியாத நேரத்தில் தொடுகிறோம். ஒரே எச்சரிக்கை: பகலில் கொடுத்த யூனிட்டை விடியலில் அதே மதிப்புக்குக் கழிப்பார்களா என்பது உங்கள் இணைப்பின் வகையையும் நேரவாரிக் கட்டண விதியையும் பொறுத்தது. கையெழுத்திடும் முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மானியம் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் குடியிருப்புகளுக்கானது. தனி வீட்டுக்கு 3 கிலோவாட் வரை அதிகபட்சம் 78,000 ரூபாய். வீட்டுவசதிச் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். எங்களைப் போன்ற அறக்கட்டளைச் சமையல்கூடத்தை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது என்பதால் முழுத் தொகையும் எங்கள் கையிலிருந்துதான்.

குழுவுக்கு நான் கொடுத்த பரிந்துரை: மாடியில் 15 கிலோவாட் பேனல், கீழே ஒரு மின் ஆவிக்கலம், மதியச் சோற்றுக்கும் இரவுச் சமையலுக்கும் எரிவாயு தொடரும். டிஷ் வேண்டாம் என்று என் கையாலேயே எழுதினேன். எழுதும்போது மனம் கனத்தது உண்மை.

ஆனால் டிஷ் யாருக்குப் பொருந்தும் என்பதையும் சேர்த்தே எழுதினேன். மழை அதிகம் எட்டாத மழைமறைவுப் பகுதியில் இருக்கும் ஊர், தரைமட்டத்தில் காலி நிலம், காலை ஒன்பதுமுதல் மாலை நாலுவரை ஓயாமல் ஆவியோ சுடுநீரோ கேட்கும் வேலை. சோலாப்பூர் பக்கம் துணிக்குச் சாயம் தோய்க்கும் ஆலை, பால் பதப்படுத்தும் கூடம், பகலெல்லாம் அன்னதானம் நடக்கும் பெரிய கோயில் போன்றவர்கள் முதலில் டிஷ்ஷைத்தான் பார்க்க வேண்டும். சூட்டைச் சூடாகவே செலவழிக்க முடிந்த இடத்தில் டிஷ்ஷின் அந்த இரண்டு மடங்கு அப்படியே கைக்கு வரும்.

பேனல் பொருத்தும் வேலை தீபாவளி கழிந்ததும் தொடங்குகிறது. என் மாடி டிஷ்ஷுக்குப் புதுத் தகடு வாங்கி வைத்திருக்கிறேன். தலைமைச் சமையற்காரர் ஞாயிற்றுக்கிழமை வந்து, அதில் பருப்பு எத்தனை நிமிடத்தில் குழைகிறது என்று பார்க்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார். பதினோரு மணிக்கு வரச் சொன்னேன்.